வழிக்கோடு

மணி மூன்று இருபத்தைந்து. திரையில் இருந்த தலையின் கழுத்தில், அவள் வரையாத ஒரு கோடு இருந்தது.

இடது காதுக்குப் பின்னால் தொடங்கி, தாடைக்கு அடியில் இறங்கி, தொண்டையைச் சுற்றிக்கொண்டு பிடரி வழியாகத் தொடங்கிய இடத்திலேயே முடிந்திருந்தது. மெல்லிய சிவப்புக் கோடு. அவள் வழக்கமாகப் போடும் வழிக்கோடு போலவே இருந்தது. எங்கும் பிசிறில்லை.

அவள் கை நடுங்கும். இரண்டு வருடமாக. அதனால் எதையும் நேரடியாகச் செதுக்குவதில்லை. திரையில் உள்ள தலையின்மேல் முதலில் ஒரு வழிக்கோடு போடுவாள். அதன் புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து வளைவைச் சரிசெய்வாள். பிறகு பேனா முனையால் கோட்டை ஒரே ஒரு முறை தொடுவாள். கருவி கோட்டின்மேல் தானாக ஓடி, கண்ணிமை மடிப்பையோ உதட்டு விளிம்பையோ சுத்தமாகப் பதித்துவிடும். கோடு வேண்டாமென்றால், கோட்டை விட்டு விலகி வேறெங்காவது தொட வேண்டும்.

கன்னத்தைத் தொட்டாள். கோடு மறைந்தது.

பொம்மைக் கம்பெனிக்கான தலை அது. ஆறு வயதுக் குழந்தை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மகளை முக்காலியில் உட்கார வைத்து, போனைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை சுற்றி வந்து அவள் முகத்தை அப்படியே உள்ளே ஏற்றியிருந்தாள். அசையாதே என்றால் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்கிற பிள்ளை.

தலையைத் திருப்பி வலது காதைப் பார்த்தாள். காலையில் கை வழுக்கியதில் காது மடலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சாயங்காலம் சரிசெய்யலாம் என்று விட்டது. மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

கோடு வந்திருந்தது. ஓரத்தில் கருவியும் வெட்டும் கருவியாக மாறியிருந்தது. கட்டர்.

திரைச்சீலை இழுத்துவிட்ட அந்த அறையில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எதையோ சுரண்டுவது போலச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் காலையில் குடித்து மிச்சம் வைத்த காப்பியின் புளித்த வாசனையும் கலந்து, மூடிய பெட்டிக்குள் இருப்பது போல மூச்சு கனத்தது. அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நான் போடாத கோடு ஒண்ணு அழிக்க அழிக்க வருது."

"நீ போடாம வேற யாரு போடுவா? பேயா?" மேலாளர் சிரித்தார். "அதுக்குச் சம்பளம் கிடையாதும்மா, சொல்லிடு."

"கட்டர் வேற தானா மாறிக்குது."

"அப்ப கைய வெச்சுடாத. தலை தனியா வந்துடும். அஞ்சு மணிக்கு அனுப்பணும், ஞாபகம் இருக்கட்டும்."

பேனாவைத் திரைப்பலகையின் மேலேயே வைத்தாள். சரிவில் அது கொஞ்சம் உருண்டு, விளிம்பில் தட்டி நின்றது. முனை கோட்டுக்கு நேர்மேலே. ஒரு நூல் இடைவெளி.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது.

மகள் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, என் காதைப் பாரேன். டீச்சர் யாரு கிள்ளினதுன்னு கேட்டாங்க. யாருமே கிள்ளலை."

வலது காது. மடலில் ஒரு பள்ளம். சிவக்கவில்லை, தடிக்கவில்லை. பிறந்ததிலிருந்தே அப்படி இருந்தது போல வழவழப்பாக இருந்தது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். திரையில் விழுந்திருந்த அதே ஆழம்.

"வலிக்குதாடா?"

"காலைல ஒரு தடவ. இப்ப கழுத்துதான் அரிக்குது."

சட்டைக் காலரை விலக்கினாள்.

சிவப்புக் கோடு. காதுக்குப் பின்னால் தொடங்கி, தாடைக்கு அடியில் இறங்கி. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"யாரு தங்கம் இதை வரைஞ்சா?"

"எதை?"

"ஒண்ணுமில்ல. போய் சோப்புப் போட்டுக் கழுத்தைக் கழுவு. அம்மா ரூமுக்கு மட்டும் போகாத."

"ஏன், திட்டு வாங்கினியா?"

"போடா செல்லம்."

குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்கும்வரை நின்றாள். பிறகு அறை வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள். தலை திரையில் நேராக இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேனா அதே இடத்தில். எடுக்க வேண்டும். எடுத்துக் கன்னத்தைத் தொட வேண்டும். கையை நீட்டிப் பார்த்தாள். விரல்கள் ஆடின. வலது கையை இடது கையால் பிடித்தாள். இரண்டும் ஆடின. மேசையில் பட்டாலே பேனா சரியும்.

திரும்பினாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பெட்டி துருப்பிடித்திருந்தது. இழுத்தாள். வரவில்லை. நகம் ஒடிந்தது. மறுபடி இழுத்தாள். திறந்தது. கைப்பிடியைக் கீழே தள்ளினாள்.

மின்விசிறி சுரண்டுவதை நிறுத்தியது. குளிர்பெட்டி ஒரு முறை உலுக்கி அடங்கியது.

அமைதி.

நெற்றியைச் சுவரில் வைத்தாள்.

பீப்.

யுபிஎஸ். கரண்ட் போனால் வேலை வீணாகக் கூடாது என்று அவளே வாங்கி மாட்டியது.

பீப்.

குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது?

இறங்கினாள். கூடம். ஈரக் காலடிகள். சின்னவை. குளியலறையில் இருந்து அவள் அறை வரைக்கும். அங்கிருந்து திரும்பி வரவில்லை.

இருண்ட அறையில் திரை மட்டும் எரிந்தது. மகள் அவளுடைய நாற்காலியில், கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஈரமான முடி முன்னால் விழுந்து பிடரி திறந்து கிடந்தது. பிடரியில் கோடு. திரையிலிருந்த தலையும் முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது. அதன் பிடரியிலும் கோடு. இரண்டும் ஒரே சிவப்பு.

பிள்ளையின் கையில் பேனா.

கத்த வாயைத் திறந்தாள்.

"அம்மா, கழுவிப் பார்த்தேன், போகல. இங்கயும் அதே கோடு இருக்கு, இதைத் தொட்டு அழிச்சிடட்டுமா?"