பூதத்தின் எடை எவ்வளவு?

பூதம் ஒரு பெண் நாய். உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மெத்தை நடந்து வருவது போலிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

அந்த வாரம் பூதத்தின் மேல் தெள்ளுப்பூச்சிகள் குடியேறிவிட்டன. உட்கார்ந்தாலும் சொறிந்தது, எழுந்தாலும் சொறிந்தது. சனிக்கிழமை காலை அக்கா கடைக்குப் போய்ப் பூச்சி மருந்து வாங்கி வந்தாள். முடியை விலக்கி, இரண்டு தோள்களுக்கும் நடுவில் மருந்து முழுவதையும் ஊற்றினாள். இனி ஒரு பூச்சி மிஞ்சாது என்று தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

தங்கைக்கு ஒன்பது வயது. வகுப்பிலேயே உயரம் குறைந்தவள். அதனால் எல்லோருக்கும் அவள் கடுகு.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பூதம் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க ஓடியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. கடுகு ஒரு பென்சிலால் முடியை விலக்கிப் பார்த்தாள். மருந்து பட்ட இடம் செக்கச்செவேலென்று இருந்தது.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

முன்னறையில் துணி தைத்துக்கொண்டிருந்த அப்பா மெஷினை நிறுத்திவிட்டு நாய் டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டர் மருந்துப் பெட்டியைப் படிக்கச் சொன்னார். கடுகு அதைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்தாள். இருபது கிலோவுக்கு மேலுள்ள நாய்களுக்கு என்று போட்டிருந்தது.

"உங்க நாய் எத்தனை கிலோ?" என்று கேட்டார் டாக்டர்.

"இருபத்தஞ்சு இருக்கும்," என்றாள் அக்கா.

கடுகு யோசித்தாள். அவளுடைய எடையே இருபத்து நாலுதான். ஆனால் தினமும் பூதத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாளே! ஓடிப்போய் எடை பார்க்கும் மெஷினை இழுத்து வந்தாள். பூதத்தைத் துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு அதில் ஏறி நின்றாள். முள் முப்பத்திரண்டைக் காட்டியது.

"எட்டு கிலோதான் டாக்டர். மத்ததெல்லாம் முடி."

அப்படியானால் மருந்து ரொம்ப அதிகம் என்றார் டாக்டர். கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு உடனே குளிப்பாட்டி, நேராகத் தன்னிடம் கூட்டிவரச் சொன்னார்.

குளியலறைக் குழாயைத் திறந்ததுதான் தாமதம், பூதம் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. அப்பா அதட்டினார். அக்கா கெஞ்சினாள். அது அசையவே இல்லை.

கடுகு குழாயை மூடினாள். சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவரும்படி அப்பாவிடம் சொன்னாள். மழைக்கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு குளியலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் குளிக்கப் போறேன். நீ சும்மா வேடிக்கை பாரு," என்று சொல்லிவிட்டு, தன் தலையிலேயே ஒரு குவளை தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு இரண்டு கண்கள் வந்தன. வெயிலடிக்கும் நேரத்தில் மழைக்கோட்டோடு குளிப்பவளைக் கிட்டே போய்ப் பார்க்காமல் இருக்க எந்த நாயால் முடியும்? பூதம் உள்ளே வந்ததும் அப்பா மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

இரண்டு முறை சோப்பு, நாலு முறை தண்ணீர். நனைந்த முடி உடம்போடு ஒட்டிக்கொள்ள, பூதம் பாதியாகிவிட்டது.

"இதுவா பூதம்? பூனைக்குட்டி மாதிரி இருக்கு," என்றார் அப்பா. அழுதுகொண்டிருந்த அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் ஓர் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே வைத்துக் கவனித்தார். சரியான நேரத்தில் கழுவிவிட்டீர்கள், இனி பயமில்லை என்றார். இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்று பூச்சி எடுக்கும் சீப்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

மாலையில் கடுகு சீப்போடு உட்கார்ந்தாள். அக்கா மட்டும் வாசற்படியிலேயே நின்றாள்.

"என்னைப் பார்த்தா அது பயப்படும்டி."

"பயந்தா அதுவே சொல்லும். நீ வா," என்று கடுகு சீப்பை அவள் கையில் திணித்தாள்.

அக்கா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். பூதம் அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. பிறகு அவள் மடியில் தொப்பென்று விழுந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கிப்போனது.

அக்காவுக்குக் கால் மரத்துப்போயிற்று. ஆனாலும் சாப்பிடக் கூப்பிடும்வரை அவள் இம்மிகூட நகரவில்லை.