ஐம்பத்தெட்டு கிலோவுக்கு ஒரு பெட்டி

செல்போன் அடித்தது.

கும்மிருட்டு.

பெட்டிக்காரர் கண் விழித்தார். விழித்த பிறகும் இருட்டு அப்படியேதான் இருந்தது!

'செத்துட்டோமா?' என்பதுதான் முதல் சந்தேகம். செத்தவன் பேன்ட் பாக்கெட்டில் செல்போன் அடிக்காதே என்பது இரண்டாவது யோசனை. எழுந்து உட்காரலாம் என்று தலையைத் தூக்கினார்.

ணங்!

அலுமினியம். இரண்டு மில்லிமீட்டர் தகடு. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவரே வளைத்து, அவரே வெல்டிங் வைத்த தகடு அல்லவா!

முழங்கால் தாடையில் இடித்தது. தொண்ணூற்றாறு கிலோ உடம்பு. பாக்கெட்டுக்குள் கை போக வேண்டுமென்றால் வயிறு வழிவிட வேண்டும். யாருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாத வயிறு அது.

ஏழாவது மணியில் எடுத்தார்.

"ஏங்க, எங்க தொலைஞ்சீங்க? ரிவெட் ஆணி வாங்கிட்டு வந்து நிக்கிறேன். பட்டறை 'பே'ன்னு திறந்து கிடக்கு. ஆளைக் காணோம்!"

சம்சாரம்.

"பெட்டிக்குள்ள இருக்கேன்."

"எந்தப் பெட்டிக்குள்ள? இங்க பெட்டியும் இல்லை, அதை மாட்டின கேரவனும் இல்லை!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உடம்பு குலுங்குவது பயத்தால் மட்டும் அல்ல...

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது!

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போவார்களே, அந்தக் கேரவனின் மூக்கில் ஒரு பெட்டி வைப்பது உண்டு. மடக்கு நாற்காலி, கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குழாய் என்று வீட்டுக்குள் வைக்க மனசு வராத சாமான்கள் எல்லாம் அதற்குள் போகும். அந்த முன்பெட்டி செய்வதுதான் நம்மவர் பிழைப்பு. 'எங்கள் பெட்டிக்குள் எறும்புகூட மூச்சு விடாது!' என்று பட்டறை வாசலில் போர்டு வேறு. எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

பெட்டியை மாட்டி முடித்ததும் அவரே உள்ளே இறங்கிப் படுப்பார். மூடியை இழுத்துக்கொள்வார். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாக மழைத் தண்ணீர் வரும் என்று அர்த்தம். வெளியே சம்சாரம் காவல் நிற்பாள். இன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். கண்ணாடி போட்ட கஸ்டமர் போன் பேச ரோட்டோரம் போயிருந்தார். 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று இறங்கினார். துளி வெளிச்சம் இல்லை. அந்தத் திருப்தியில் கண்ணை மூடினார். மீதியை மதியச் சாப்பாடு பார்த்துக்கொண்டது!

"தூங்கிட்டீங்களா?" சம்சாரத்தின் குரல் உச்சத்துக்குப் போனது.

"லேசா அசந்துட்டேன்."

"உள்ள இருந்து திறங்க!"

"பெட்டிக்கு எவம்மா உள்பக்கம் தாழ்ப்பாள் வைப்பான்?"

"அந்தக் கண்ணாடிக்காரருக்குப் போன் போடுங்க."

"நம்பர் கேட்டேன். 'வேணாம், நானே வர்றேன்'னுட்டார்."

"சரி... உள்ள காத்து?"

"அதான் போர்டுல போட்டிருக்கோமே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழுறியா?"

"இல்லை. திட்டுறேன். வாய்க்குள்ள." குரலை உயர்த்தினாள். "அந்தாளு முழியே சரியில்லைன்னு அன்னைக்கே சொன்னேன். என்ன வைக்கிறதுக்குப் பெட்டி கேட்டாரு?"

"மடக்கு நாற்காலின்னார். எவ்வளவு கனம்னு கேட்டேன். மூக்குல பாரம் கூடினா கார் குந்திடும்ல? மத்தவங்கன்னா 'ஒரு முப்பது நாப்பது இருக்கும்'னு குத்துமதிப்பாச் சொல்லுவாங்க. இவரு ஒரு பேப்பரைப் பாத்து 'அம்பத்தெட்டு கிலோ'ன்னார்."

"அம்பத்தெட்டு?"

"உள்நீளம் அஞ்சடி நாலு அங்குலம். காத்துத் துவாரம் கூடாது. தண்ணி வடியற ஓட்டை கூடாது. வாசனை வெளிய வரக் கூடாது..."

"ஏங்க."

"என்ன?"

"நாற்காலிக்கு ஏதுங்க வாசனை?"

பெட்டிக்காரரின் முதுகில் வியர்வை ஒரு கோடு போட்டது.

"அம்பத்தெட்டு கிலோ... அஞ்சடி நாலு..." சம்சாரம் மூச்சை இழுத்தாள். "அது நாற்காலி இல்லைங்க. ஆளு!"

"கேரவனுக்குள்ள ஒரு அம்மா இருந்தாங்க. 'தலைவலின்னு படுத்திருக்கா'ன்னாரே..."

"கட்டின பொண்டாட்டியையா? அட படுபாவி! இருங்க, போலீஸுக்குச் சொல்றேன். நீங்க வாயைத் திறக்காதீங்க. பேசினா காத்து செலவாகும்."

"சரி."

"சரின்னும் சொல்லாதீங்க!"

லைன் கட்டானது.

உள்ளே காற்று வெந்நீர் மாதிரி கனத்தது. நெஞ்சுக்கூட்டை யாரோ கயிறு போட்டு இறுக்குவது மாதிரி... ரப்பர் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். எங்காவது ஒரு இடுக்கு? ஒரு மோசமான வெல்டிங்?

ம்ஹூம். வாழ்நாளில் ஒரே ஒரு பெட்டியாவது ஏனோதானோவென்று செய்திருக்கக் கூடாதா!

பெட்டியை ஒட்டி, விரல் கனத்தில், கேரவனின் முன்சுவர். சுவரை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அந்த அம்மா. சும்மா கிடந்தால் காற்று மிச்சம். கத்தினால் ஆயுசு குறையும். ஆனால் சாகப் போகிறவள் ஒரு முழ தூரத்தில் தூங்குகிறாள் என்று தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா கிடப்பது?

தட்டினார். டக்... டக்... டக்...

"யாரு?" சுவருக்கு அந்தப் பக்கம், அடைத்த குரல்.

"கத்தாதீங்கம்மா! நான் பெட்டிக்காரன்!"

"எந்தப் பெட்டிக்காரன்?"

"உங்க பெட்டியைச் செஞ்சவன். அதுக்குள்ளதான் இருக்கேன்."

"எதுக்கு?"

நியாயமான கேள்வி. பதில்தான் மானக்கேடு.

"அது அப்புறம்மா. உங்க வீட்டுக்காரர் உங்களைக் கொல்லப் போறாரு! இந்தப் பெட்டி உங்களுக்குத்தான்!"

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். கனம், நீளம், ஓட்டை, வாசனை...

"பாவி!" சுவருக்கு அப்பால் விம்மல். "காலையிலேர்ந்து ஒரு மாதிரிதான் இருந்தாரு. இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா அண்ணா?"

அண்ணா! பெட்டிக்காரர் உருகிப் போனார்.

"என் சம்சாரம் போலீஸ்ல சொல்லிட்டிருக்கா. ஆனா வண்டி நம்பரும் தெரியாது, எந்த ரோடுன்னும் தெரியாது."

"ஓ... தெரியாதா. அவரு பாத்துப் பாத்துச் சொன்னதா ஒரு பேப்பர் சொன்னீங்களே, அது?"

"பெஞ்சு மேல விட்டுட்டுப் போனாரு. என் சட்டைப் பையில இருக்கு. அதான் சாட்சி!"

"முழுங்கிடுங்க அண்ணா!"

"என்னது?"

"அவரு பெட்டியைத் திறந்து அதைப் பாத்தா முதல்ல உங்களைத்தானே கொல்லுவாரு? உங்க நல்லதுக்குச் சொல்றேன். சீக்கிரம் முழுங்குங்க!"

சாகப் போகிற நேரத்திலும் அடுத்தவன் உயிரை நினைக்கிறாளே! பெட்டிக்காரர் பேப்பரை எடுத்தார். வாய் வரைக்கும் கொண்டு போனார். எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிடுவது அவர் வழக்கம். செல்போன் வெளிச்சத்தைப் போட்டார்.

முன்பக்கம் முத்து முத்தான கையெழுத்து. உள்நீளம், கனம், ஓட்டை கூடாது...

திருப்பினார்.

பின்பக்கம் அச்சடித்த தாள். இன்சூரன்ஸுக்காக எடுத்த உடல் பரிசோதனை ரிப்போர்ட்.

ஆண். வயது நாற்பத்தேழு. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்.

எடை ஐம்பத்தெட்டு கிலோ!

செல்போன் வெளிச்சத்திலும் பெட்டிக்காரருக்குக் கண் இருட்டியது. அந்தக் கண்ணாடிக்காரர்... விரலால் தள்ளினால் விழுகிற ஒல்லிப்பிச்சான். அன்றைக்கு அசட்டுச் சிரிப்போடு அவர் சொன்னது இப்போது காதில் விழுந்தது. 'எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார். வீட்ல எழுதிக் கொடுத்தாங்க.'

பெட்டி அவளுக்கு இல்லை.

அவருக்கு!

"முழுங்கிட்டீங்களா அண்ணா?"

இந்த முறை அந்த 'அண்ணா' முதுகில் பனிக்கட்டி வைத்தது.

"மு... முழுங்கிட்டேன்மா."

"நல்லது. இனிமே தட்டாதீங்க. வண்டி நின்னாலும் சத்தம் போடாதீங்க. நானே வந்து திறந்து விடுறேன்."

திறப்பாள். மூச்சு நின்ற பிறகு!

சம்சாரம் நம்பரை அழுத்தினார். சிக்னல் இல்லை. அவருக்கு முன்னால் அது செத்துப் போயிருந்தது.

கார் மெதுவாகத் திரும்பியது. சரளைக்கல் நொறுங்கியது. நின்றது.

கார்க் கதவு திறக்கும் சத்தம். பிறகு அந்த ஒல்லிப்பிச்சான் குரல்.

"காரு பின்பக்கம் குந்துதும்மா. ஸ்டீயரிங் கைக்கு நிக்கலை. காலிப் பெட்டிக்கா இவ்வளவு கனம்?"

"அப்புறம் பாக்கலாங்க." கேரவன் கதவு திறந்தது. குரலில் தேன். "முதல்ல டீயைக் குடிங்க. ஃபிளாஸ்க்ல எடுத்துட்டு வந்தேன்."

"நீ குடிக்கலை?"

"எனக்குத்தான் தலைவலியாச்சே. உங்களுக்குன்னு போட்டது. மிச்சம் வைக்காமக் குடிங்க."

பெட்டிக்காரர் பல்லைக் கடித்தார். நெஞ்சு பிளந்துவிடும் போல இருந்தது. உள்ளே இருந்த காற்றில் ஒரே ஒரு கத்தலுக்குத்தான் மிச்சம். கத்தினால் அவள் என்ன வைத்திருக்கிறாளோ... கத்தியா, சுத்தியலா... கத்தாவிட்டால் வெளியே ஒருவன் குடித்துச் சாவான், உள்ளே ஒருவன் குடிக்காமலே சாவான்!

இருந்த மூச்சை எல்லாம் திரட்டினார். இரண்டு காலாலும் மூடியை உதைத்தார்.

"டீயைக் குடிக்காதீங்க சாஆஆர்!"

கொண்டி திறந்தது. வெளிச்சம்!

காற்று!

காற்றுக்கு இவ்வளவு ருசி உண்டா? பெட்டிக்காரர் வாய் வழியாக, மூக்கு வழியாக, முடிந்தால் காது வழியாகவும் இழுத்தார். எதிரே, கையில் டீயோடு, வாயைப் பிளந்தபடி கண்ணாடிக்காரர்.

"நீங்க சாப்பிடப் போயிட்டதா நெனச்சேனே! 'ரெடின்னா கிளம்புங்க'ன்னு இவ அவசரப்படுத்தினா. மூடி சரியா உக்காரலையேன்னு நான்தான் அமுக்கிப் பூட்டினேன்..."

"அது கிடக்கட்டும் சார். டீ!"

"உங்களுக்கு வேணுமா? இந்தாங்க." நீட்டினார்.

"ஐயோ, குடிக்காதீங்கன்னு சொல்றேன்!"

"பைத்தியங்க இவன்!" அந்த அம்மாள் பாய்ந்து வந்தாள். "திருட வந்து உள்ள மாட்டிக்கிட்டான். நீங்க குடிங்க!"

பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே பெட்டிக்காரர் கசங்கிய பேப்பரை நீட்டினார். கண்ணாடிக்காரர் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"இது என் மெடிக்கல் ரிப்போர்ட்டாச்சே."

"அம்பத்தெட்டு கிலோ நாற்காலி யாரு சார்?"

கண்ணாடிக்காரர் பெட்டியைப் பார்த்தார். தன்னைக் குனிந்து பார்த்தார். மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பி, டீயை நீட்டினார்.

"ஒரே ஒரு வாய்... நீ குடிம்மா. நான் நம்பிடுறேன்."

அவள் டீயைத் தட்டிவிட்டாள். அடுத்த நொடி காருக்குள் இருந்தாள். சாவி அதிலேயே தொங்கியது!

அது ஏரிக்கரைக்குப் போகும் ஒற்றைப் பாதை. முன்னால் பூட்டிய இரும்பு கேட். ஒரு பக்கம் ஆள் உயரச் சுவர். போக ஒரே வழி பின்பக்கம்தான். ரிவர்ஸ் போட்டாள்.

"குதிங்க சார்!" கண்ணாடிக்காரர் அலறினார்.

பெட்டிக்காரர் குதித்தார். தொண்ணூற்றாறு கிலோ எப்படிப் பறந்தது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேரவன் மாட்டிய காரைப் பின்னால் எடுப்பது தனி வித்தை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் கேரவன் எதிர்ப்பக்கம் போகும். அவள் வெறும் காரை எடுப்பது போல ஒடித்தாள். ஆக்ஸிலேட்டரையும் மிதித்தாள். காரும் கேரவனும் பேனாக்கத்தி மாதிரி மடங்கின.

கிரீச்ச்ச்... தடால்!

தூசி அடங்கியபோது காருக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் பெட்டி. எந்தக் கதவும் இரண்டு விரல்கடைக்கு மேல் திறக்கவில்லை. பெட்டிக்காரர் முதலில் ஓடிப் போய்ப் பெட்டியைத்தான் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை!

"திறங்க!" உள்ளே இருந்து கண்ணாடியை அறைந்தாள். "எனக்கு மூச்சு முட்டுது!"

"ஜன்னலை இறக்கிக்குங்கம்மா. உங்களுக்கு அந்த வசதியாவது இருக்கு."

கரைமேல் ஏறியதும் சிக்னல் வந்தது. முதல் மணி முடிவதற்குள் சம்சாரம் எடுத்தாள்.

"உயிரோட இருக்கீங்களா?"

"உன் புண்ணியத்துல."

"சாப்பிட்டதும் தூங்குற புத்தி போகுதா பாருங்க!" திட்டுக்கு நடுவே ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அந்தக் கொலைகாரன் எங்க?" என்றாள்.

"பக்கத்துலதான். என் கர்ச்சீப்பை வாங்கி மூக்கைச் சிந்திட்டிருக்காரு."

"ஆங்?"

"ஆளை மாத்திப் புரிஞ்சுக்கிட்டோம்மா. ஏரிக்கரைன்னு போலீஸ்ல சொல்லு. ரெண்டு டீயும் வாங்கிட்டு வரச் சொல்லு. கடை டீ!"

போனை வைத்துவிட்டு, கண்ணாடிக்காரரின் தோளில் கை போட்டார். என்ன சொல்லித் தேற்றுவது?

"விடுங்க சார். உயிர் தப்பிச்சதே பெருசு."

"அது இல்லை சார்..." கண்ணாடிக்காரர் தேம்பினார். "இருபத்தொரு வருஷமாச்சு. எனக்கு ஒரு சட்டை கூட சரியான அளவுல வாங்கிக் கொடுத்ததில்லை. பெட்டியை மட்டும் எப்படி சார் இவ்வளவு கச்சிதமா எடுத்தா?"