மங்கையர்க்கரசி கற்கக் கூடாத மாதம்

பேராவூரணிக் கடைத்தெருவில் அப்போது கடைகளே இல்லை, எல்லாம் பள்ளிக்கூடங்கள். ‘உத்திராபதி பருப்பியல் பயிலகம்’ என்ற பலகையின் கீழ் மங்கையர்க்கரசி பையோடு நின்றாள்.

“துவரம்பருப்பு அரைக் கிலோ குடுங்கண்ணே.”

“மொதல்ல பாடத்தைக் கேளும்மா. ஊற வெச்சா பருப்பு ஏன் பெருக்குது?”

“தண்ணி குடிக்குது. அது போன வாரமே முடிஞ்சிருச்சு. புதுசா சொல்லுங்க, அடுப்புல ஒல கொதிக்குது.”

உத்திராபதி தலையைச் சொறிந்தார். உப்பேறிய சவட்டுத் தண்ணீரில் பருப்பு ஏன் வேகாமல் அடம்பிடிக்கிறது என்று விளக்கினார். அது புரிந்த கணத்தில் அவள் மணிக்கட்டிலிருந்த கற்றலளவி பச்சையாக ஒளிர்ந்தது. பணம் அவருக்குப் போனது, பருப்பு பைக்குள் விழுந்தது.

அது குறிப்பணம். அவள் கணவன் கலியமூர்த்தி செங்கடல் மிதவை நகரத்தில் தூண்களின் பாசியைச் சுரண்டிச் சம்பாதித்தது. முன்பு அவன் அனுப்பியதெல்லாம் மாடி கட்டவும் மொய் செய்யவும் கரைந்துபோனது. பிறகு அவன் ‘கல்வி’ என்று குறியிட்டே அனுப்பினான். வீட்டில் யாருடைய மூளையிலாவது புதிதாக ஒன்று பதிந்ததை அளவி உணர்ந்தால்தான் அந்தப் பணம் அசையும். வெளிநாட்டிலிருந்த மற்ற ஆண்களும் அப்படியே செய்தார்கள். வயிறு சும்மா இருக்குமா? மீன்காரர் செவுளைப் பற்றிப் பாடம் எடுத்தார், தையல்காரர் வட்டத்தின் சுற்றளவைச் சொல்லிக்கொடுத்தார்.

ஆரம்பத்தில் மங்கை சலித்துக்கொண்டாள். போகப்போக, பாடம் முடிந்த பிறகும் “அது ஏன் அப்படி?” என்று நின்றாள். அவளுக்குப் பயந்து மீன்காரர் இரவெல்லாம் புத்தகம் படித்தார்.

மகள் நிறைமதி கடல்கட்டுமானக் கல்லூரியில் முதல் பருவம் முடித்திருந்தாள். இரண்டாம் பருவக் கட்டணம் செலுத்தப் போனபோது பணம் அசைய மறுத்துவிட்டது.

‘இந்த வீட்டில் கற்றல் தாயிடம் நிகழ்கிறது. பணம் அவருக்கே ஒதுக்கப்படுகிறது. மாதக் கடைசியில் மறுமதிப்பீடு’ என்றது அளவி.

“வகுப்புல தூங்குனியா?” என்றாள் மங்கை.

“எல்லாருந்தான் தூங்குறாங்க! ஒன்னைய யாரு பருப்புக்கடையில பாடம் கேக்கச் சொன்னது?”

“கேக்கலன்னா சோறு ஏதுடி?”

அன்று சுவர்த்திரையில் கலியமூர்த்தி தோன்றினான். உடம்பெல்லாம் உப்பு.

“இந்தா மங்கை, ஒரு மாசம் ஒண்ணும் கத்துக்காம இரேன். புள்ள சீட்டு போயிரும்.”

“அரிசி பருப்புக்கு?”

“அண்ணி வூட்டுல வாங்கிக்க. கடைத்தெருப் பக்கமே போவாத. புள்ள படிப்புக்குத்தான நான் இங்க கெடக்குறேன்?”

அவன் குரல் உடைந்ததும் அவள் தலையாட்டினாள். பதினாலு வருஷமாக மகளைப் ‘படி, படி’ என்று விரட்டியவள் அவள். இப்போது மகள் அவள் பின்னாலேயே வந்து கத்தினாள்.

“அங்க என்னம்மா பாக்குற? ஜன்னலச் சாத்து!”

நிறைமதியும் பயந்துபோய் உண்மையாகவே படித்தாள். அவள் அளவி மெல்ல ஏறியது. மாதத்தின் கடைசி மாலையில் இரண்டு அளவிகளும் சமமாக நின்றன. மகள் இன்னும் ஒரு பாடம் முடித்தால் போதும், தாய் பொழுது சாயும்வரை சும்மா இருந்தால் போதும்.

மங்கை கூடத்தில் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? உள்ளேயிருந்து மகள் உரக்கப் படிக்கும் சத்தம் வந்தது.

சுவரின் அடியில் ஈரம் படர்ந்திருந்தது. காலையில் ஒரு சாண் உயரத்தில் இருந்தது இப்போது முழ உயரத்துக்கு வந்திருந்தது. மேலே ஓட்டை கிடையாது, மழையும் இல்லை. தண்ணீர் கீழே அல்லவா போக வேண்டும்?

அவள் சட்டென்று கண்களை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே. யார் அதைத் தூக்கிவிடுகிறார்கள்? திரியில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள். அப்படியானால் செங்கலிலும்...

மணிக்கட்டை முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள். துணியைத் தாண்டியும் பச்சை தெரிந்தது.

உள்ளே படிப்புச் சத்தம் நின்றது.

“அம்மா! என்னம்மா பண்ணுன?”

“நான் ஒண்ணும் பண்ணலடி. செவுருதான்...”