கருங்குன்றத்து மஞ்சள்

ஆயுத பூஜையன்று கருங்குன்றம் சுரங்கத்தின் துளைக்கும் எந்திரன்கள் பதினான்கும் காலையிலேயே வரிசையில் வந்து தலைகுனிந்து நின்றன. சென்ற ஆண்டு ஒன்று குனியத் தாமதித்ததில் அதன் கண்ணாடிக் கண்ணில் சந்தனம் விழுந்து, மூன்று நாள் சுவரில் முட்டிக்கொண்டு திரிந்தது. அந்த அனுபவத்தை அது மற்றவற்றோடு பகிர்ந்துகொண்டிருந்தது. மனிதர்களிடம் இந்த நல்ல பழக்கம் கிடையாது.

எந்திரன்களுக்குப் பூசியது போக மீந்த மஞ்சளை, பாறையைக் குடைந்து அமைத்த நாற்பத்து மூன்று வீடுகளின் வாசலிலும் சுவரிலும் தாராளமாகப் பூசினார்கள். செவ்வாய்க் கோளின் கண்ணாடித் தோட்டத்தில் தக்காளி முளைக்க அடம்பிடிக்கும். மஞ்சள் மட்டும் காடாக வளரும்.

அந்தப் பாலைவனத்தில் மனிதர்கள் குடியேறியதற்கு ஒரே காரணம், ஆயுதம் செய்ய உதவும் டங்ஸ்டன் உலோகம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய கருங்கல் குழம்பு கீழிருந்து கிளம்பி, சுண்ணாம்புப் பாறையில் போய் இடித்துக்கொண்டு நின்றது. இரண்டும் உரசிய இடத்தில் ஷீலைட் என்ற கனிமம் கீற்றாகப் படிந்தது. அதில்தான் டங்ஸ்டன் இருந்தது. இது சுரங்கத்தின் மண்ணியல். அதன் வரலாறு இன்னும் சுருக்கமானது. பூமியில் சண்டை மூண்டால் திறப்பார்கள், சமாதானம் வந்தால் மூடுவார்கள். தொண்ணூறு ஆண்டுகளில் நான்கு முறை திறந்து மூன்று முறை மூடியாயிற்று. இப்போது பூமியில் துரதிர்ஷ்டவசமாக அமைதி நிலவியது.

ஆகவே, மிச்சக் கனிமத்தை அளக்கக் கனிம ஆணையம் ஓர் ஆய்வு எந்திரத்தை அனுப்பியது. கனிமநோக்கி என்று பெயர். கனிமம் போதாதென்றால் சுரங்கத்தை மூடிவிட்டு, குடும்பங்களை ஒன்பது நாள் பயணத்தில் தென்துருவப் பனிச்சுரங்கத்துக்கு அனுப்ப உத்தரவு தயாராக இருந்தது.

சுரங்க மேஸ்திரி இசக்கியம்மாள் மண்ணியலாளர் நல்லசிவனின் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் மகளுக்கு இது எட்டாம் மாதம்.

"ஒம்பது நாளு வண்டியில குலுங்கிக்கிட்டு எம் மவ எப்படி சார் போவா? பிள்ளை வழியில பொறந்தா அந்தக் குளிர்ல என்ன செய்வேன்?"

"வடக்குச் சரிவுல நல்ல கனிமம் இருக்கும்மா. பத்து வருஷமா எழுதிட்டிருக்கேன். இருநூறு பக்கம்."

"யாரு வாசிச்சா?"

நல்லசிவன் அந்த இருநூறு பக்கத்தின் மேல் படிந்த தூசியைத் தட்டினார்.

பூஜைக்கு மறுநாள் கனிமநோக்கி வந்தது. புற ஊதாக் கதிர் பட்டால் சுத்தமான ஷீலைட் நீலமாக ஒளிரும். மாலிப்டினம் கலந்திருந்தால் மஞ்சளாக ஒளிரும். மஞ்சள்தூளும் அந்தக் கதிரில் மஞ்சளாகத்தான் ஒளிரும். ஆனால், பண்டிகை என்ற ஒன்றைக் கனிமநோக்கியின் நிரலில் எழுத எவருக்கும் தோன்றவில்லை. குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, பரவசத்தோடு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பியது.

கையெழுத்தாகித் திரும்பி வந்த அறிக்கையின் முதல் பக்கத்தைப் படித்ததும் குடியிருப்பே கூத்தாடியது. கோளிலேயே மிக வளமான சுரங்கம். மூடும் பேச்சே இல்லை. இரண்டாம் பக்கத்தில், அந்த வளம் முழுவதும் வீடுகளின் சுவரில் இருப்பதால் பதினைந்து நாளில் வீடுகளை வெடிவைத்துத் தகர்ப்பது என்றும், குடும்பங்களைத் தென்துருவத்துக்கு அனுப்புவது என்றும் இருந்தது.

நல்லசிவன் உடனே ஆணையத்தின் இயக்குநர் கோதண்டபாணியைத் திரையில் அழைத்தார். பக்கத்தில் கனிமநோக்கியையும் நிறுத்திக்கொண்டார்.

"சார், அது கனிமம் இல்ல. பூஜைக்குப் பூசின மஞ்சள். சுரண்டிக் காட்டட்டுமா?"

"என் கணிப்பு தவறு. திருத்திக்கொள்கிறேன்" என்றது கனிமநோக்கி.

"நீ சும்மா இரு" என்றார் இயக்குநர். "மெஷின் தப்புப் பண்ணும்யா, ஒத்துக்கறேன். நான் கையெழுத்துப் போட்டுட்டேனே! பூமிக்குச் செய்தி போயாச்சு. அறிக்கைப்படி கனிமம் அங்கதான் இருக்கு. தோண்டுங்க."

திரை அணைந்தது. இசக்கியம்மாள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போய், தன் வீட்டுச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த கல்லொன்றுக்கு இன்னும் நாலு கை மஞ்சள் அப்பி, அபாயக் கொடியின் சிவப்புத் துணியைச் சுற்றிவிட்டு வந்தாள்.

"சார், தல வரலாறு ஒண்ணு எழுதணும். ஒரு பக்கம் போதும்."

"எனக்குப் பொய் எழுத வராதும்மா."

"மெய் எழுதித்தானே சார் இங்க வந்து நிக்கோம்!"

நல்லசிவன் எழுதினார். முன்னூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மன் நெருப்புக் குழம்பாகக் கீழிருந்து எழுந்தருளி, வெள்ளைப் பாறையில் ஆசனம் கொண்டாள் என்று தொடங்கி, வடக்குச் சரிவை மக்களுக்குக் கொடையாகத் தந்தாள் என்று முடித்தார். ஆண்டுக்கணக்கும் பாறைகளும் மிகச் சரி. மனிதர்களே தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தார்கள் என்பது ஒரு குறையாகத் தெரிந்தது. இசக்கியம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் அவளே இயக்குநரோடு பேசினாள். கல்லைத் திரையில் காட்டினாள்.

"ஐயா, ஆத்தா இங்க குடியிருக்கா. இடிக்கதுன்னா இடிங்க. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டோம். பெறவு ஒங்க பாடு, அவ பாடு."

கோதண்டபாணி ஒரு பக்கத் தல வரலாற்றை நின்றபடியே படித்தார். நடுவில் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? மஞ்சள் மஞ்சள்னு ஏதோ உளறினாரே அந்த ஆளு! வீடுகள்ல யாரும் கை வைக்கக்கூடாது. வடக்குப் பக்கமாத் தோண்டிக்குங்க. அறிக்கையில திசையை மட்டும் மாத்திடறேன்."

இரண்டு நிமிடத்தில் புது உத்தரவு வந்தது. நல்லசிவனின் பத்தாண்டு உழைப்பு இப்படியாக அரங்கேறியது. இசக்கியம்மாள் மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"முரண்பாடு உள்ளது. நேற்று உண்மையை மறுத்தீர்கள்..." என்று கனிமநோக்கி தொடங்கியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இயக்குநர் இன்னும் திரையை விட்டுப் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இதே கோளில்தான். முதுகுக்குப் பின்னால் சன்னலில் அதன் செம்மண் அடிவானம் வரை பரந்து கிடந்தது.

"அம்மா, ஒரு விஷயம் கேக்கணும். என் பொண்ணுக்கு இருபத்தெட்டு ஆகுது, வர்ற வரனெல்லாம் தட்டிப் போகுது. செவ்வாய் தோஷமாம். ஆத்தாகிட்ட அதுக்குப் பரிகாரம் உண்டா?"