பதினேழாம் கலத்தில் அம்மா

வியாழக்கிழமைகளில் காலை பத்து முதல் பதினொன்று வரை பார்வையாளர் நேரம். பெனிலா வழக்கம்போல் ஒன்பதே முக்காலுக்கே வந்து, கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பதினேழாம் கலத்தின் முன் உட்கார்ந்தாள். கூரை ஒழுகுவது, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது என்று அந்த வாரத்துச் செய்திகளைக் கண்ணாடிக்குள் இருந்தவளிடம் சொன்னாள். சொல்வதற்கு அவளுக்கு வேறு ஆளில்லை.

உள்ளே இருந்தது அவள் அம்மா அஜிதா. வயது இருபத்தெட்டு. பெனிலாவுக்கு அறுபத்தொன்று.

ஐம்பத்து நான்கு வருடங்களுக்கு முன் ரப்பர் தோட்டத்தில் அஜிதாவைக் குழிவிரியன் கடித்தது. அந்த விஷத்துக்கு அன்று மருந்து கிடையாது. மருந்தில்லாத கடி என்றால், உயிர் போவதற்குள் ஆளைக் கண்ணாடிக் கலத்துக்குள் உறைதுயிலில் ஆழ்த்தி வைப்பது அப்போது வந்திருந்த புதிய முறை. உடலுக்குள் பனிக்கட்டி கட்டாமலிருக்க இரத்தத்தில் உறைதடுப்பியைக் கலந்தார்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸின் இனம்தான் அது. பதினோரு வருடத்தில் விஷமுறிவு மருந்து வந்துவிட்டது. ஆனால் எழுப்பிய முதல் நான்கு பேருமே இறந்தார்கள். உடல் சூடேறியதும் உறைதடுப்பி அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அரித்துவிட்டது. மற்ற கலங்களை அப்படியே மூடி வைத்தார்கள்.

அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டுப் போனார். பெனிலாவுக்கு வந்த வரன்களெல்லாம் வெளியூர். அம்மா எழும்போது பக்கத்தில் ஒருவர் வேண்டுமே என்று அவள் எதற்கும் சம்மதிக்கவில்லை.

அன்று டாக்டர் கோமதிநாயகம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அமிலமாகாம தடுக்கிற மருந்து கிடைச்சாச்சும்மா. ரெண்டு பேரை எழுப்பிட்டோம், நல்லா இருக்காங்க. அடுத்தது உங்க அம்மா. நீங்க கையெழுத்துப் போடணும்."

"பொழைச்சிருவாளா டாக்டர்?"

"பொழைப்பாங்க. ஆனா கொஞ்ச நாளைக்கு நினைவு கலங்கித்தான் கிடக்கும். நீங்களா எதையும் சொல்லிராதீங்க. மெதுவா நாங்க சொல்லிக்கிறோம்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது, இந்த வயதில் அம்மா மடியில் தலைவைத்துப் படுக்க வெட்கமாக இருக்காதா என்று பெனிலா யோசித்தாள். இருக்காது என்று முடிவு செய்தாள்.

ஒன்பதாம் நாள் காலை அஜிதா கண் திறந்தாள். சிறுநீர் நன்றாக இறங்குவதாக நர்ஸ் சொன்னாள். பெனிலா கட்டிலருகே போய் நின்றாள். நரைத்த தலையையும் சுருங்கிய கன்னங்களையும் அஜிதா வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"அம்மா, நீ எப்பம் வந்தே?"

அஜிதாவைப் பெற்றவளின் முகச்சாடை அப்படியே பெனிலாவுக்கு என்று உறவுக்காரர்கள் சொல்வதுண்டு. பெனிலா பின்னால் நின்ற டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

"காலு வலிக்கும்மா," என்றாள் அஜிதா. "பெனிலா பள்ளிக்கூடம் விட்டு வந்தாளா? பிள்ள தனியா இருப்பா."

பெனிலா அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். அது இளஞ்சூடாக இருந்தது.

"வந்துட்டா மக்களே," என்றாள். "கஞ்சி குடிச்சிட்டு இருக்கா. நீ ஒறங்கு."