மாடிப்படியில் நிற்கும் வேலை

பேருந்தை விட்டு இறங்கினால் ஏரி. ஏரிக்கரையோடு நடந்தால் அந்த வீடு. சுற்றுலாத் துறை அதற்குப் புதிதாக வர்ணம் பூசவில்லை. இருந்த வர்ணத்தையும் சுரண்டி எடுத்திருந்தது. வாசலில் துறையின் பலகை: 'பேய் மாளிகை. திங்கட்கிழமை விடுமுறை.'

"பேய்க்கும் வாரத்துல ஒரு நாள் லீவு உண்டுங்க, அரசாங்கப் பேய்" என்பான் வழிகாட்டி. ஒவ்வொரு கூட்டமும் சிரிக்கும்.

அவள் பின்கட்டு வழியாக உள்ளே போய் வெள்ளை அங்கியை மாட்டிக்கொள்வாள். முகத்தில் மாவு பூசுவாள். மாடிப்படி திரும்பும் இடத்தில் போய் நிற்பாள். அதுதான் வேலை.

ஏரியை மட்டும் பார்க்க யாரும் இவ்வளவு தூரம் வருவதில்லை என்று துறை கண்டுபிடித்த பிறகு, மணமேடைக்குப் போகும் முன் செத்துப்போன ஒரு சீமாட்டியை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். அப்படி யாரும் அங்கே சாகவில்லை.

அந்த வீட்டில் செத்தது அவளுடைய மகள்.

வீடு அப்போது தங்கும் விடுதி. அவள் அங்கே அறைகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மகளையும் அழைத்து வந்தாள். மேல்மாடியில் கைப்பிடிக் கட்டை உளுத்துப்போயிருந்தது. அவள் கீழே படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். பெரிய சத்தமெல்லாம் இல்லை. துணி உதறிய சத்தம் என்றே முதலில் நினைத்தாள்.

இது துறைக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. பேயாக நிற்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்றே வந்துவிட்டாள். அந்த வீட்டில் நிஜமாகவே ஏதாவது இருந்தால், ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில் அடிக்கும். உள்ளே கிணற்றின் ஆழத்து இருட்டு. ஊறிய மரத்தின் வாடை. கூட்டம் வரும், யாராவது அலறுவார்கள், கூட்டம் போகும். அடுத்த கூட்டம் வருவதற்குள் இருட்டைப் பார்த்து மெல்லக் கூப்பிடுவாள்.

"கண்ணு..."

எலி ஓடும் சத்தம் கேட்கும். வேறொன்றும் இல்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. அதிகாரி ஒரு நாள் அவளைத் தேடி வந்தார். சின்ன வயது, நல்ல மனுஷர்.

"அக்கா, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா சின்னப் புள்ளைய இங்க கூட்டிட்டு வராதீங்க."

"எந்தப் புள்ள சார்?"

"என்கிட்டயேவா? வர்றவங்க எல்லாம் அதத்தான் சொல்றாங்க. பேயம்மா சுமார்தான், கூட நின்ன பொண்ணுதான் குலை நடுங்க வச்சிருச்சுன்னு. புள்ளைய வேலைக்கு வச்சிருக்கேன்னு மேல தெரிஞ்சா என்னைத் தொலைச்சிருவாங்கக்கா."

அவள் படியில் உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் சார்?"

"என்னது?"

"எந்தப் பக்கம் நிக்கிறாளாம்?"

"இடது பக்கம். உங்க சுண்டுவிரலைப் பிடிச்சிக்கிட்டு." அதிகாரியின் குரல் இறங்கியது. "ஏங்க்கா அதை என்னைக் கேக்கறீங்க?"

அவள் தன் இடது கையைப் பார்த்தாள்.

வெறும் கை.

வழிகாட்டியைப் பின்கட்டில் பிடித்தாள். "நீ பாத்தியா தம்பி?"

"தினமும் பாக்கறேனே. உங்க பொண்ணுன்னுதான நெனச்சேன். மஞ்சள் கவுன். ஒரு நாள் மிட்டாய்கூட நீட்டினேன். வாங்கல."

"என்ன பண்ணிட்டு இருந்தா?"

"ஒண்ணும் பண்ணாதுக்கா. அண்ணாந்து உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கும்."

மறுநாளிலிருந்து அவள் நேராகப் பார்த்து நிற்கவில்லை. இடப்பக்கம் குனிந்தே நின்றாள். சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மண்டியிட்டுக் காற்றைக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு கிழவர் விம்மி அழுதார். "அய்யோ, அது கன்னத்தைத் துடைச்சு விடுது பாரு" என்று ஒரு பெண் யாரிடமோ கிசுகிசுத்தாள்.

அவள் கன்னத்தில் எதுவும் படவில்லை.

வரிசை ஏரிக்கரை வரை நீண்டது. துறை புதிதாகச் சுவரொட்டி அடித்தது. அதிகாரி அதன் பிறகு பிள்ளையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

படியில் நிற்பவளுக்குத் தெரியாது, எதிரே நிற்பவர்களுக்குத்தான் தெரியும் என்பது அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. வேலையை விட்டாள்.

"சீசன் நேரத்துல கழுத்தறுக்காதீங்கக்கா" என்று அதிகாரி கெஞ்சினார். பிறகு, துறையின் விருந்தினர் விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்து வெள்ளை அங்கியை மாட்டிவிட்டார்.

அவள் நுழைவுச்சீட்டு வாங்கினாள். வழிகாட்டி சீட்டைக் கிழிக்காமல் அவளைப் பார்த்தான். "உங்களுக்கு எதுக்குக்கா இது?"

"கிழி தம்பி."

கூட்டத்தோடு உள்ளே போனாள். பின்னால் கதவு மூடியது. முன்னால் நின்றவரின் தோள் மறைத்தது. எட்டிப் பார்த்தாள்.

மஞ்சள் கவுன்.

முடி அன்று பின்னிவிட்டபடியே இருந்தது. வளரவில்லை. ஒரு முழங்காலில் பழைய சிராய்ப்பு. சின்னக் கை துணி துவைக்கும் பெண்ணின் சுண்டுவிரலைப் பற்றியிருந்தது.

முகம் அண்ணாந்திருந்தது. அந்தப் பெண்ணை நோக்கி.

"கண்ணு" என்றாள் அவள்.

குழந்தை திரும்பவில்லை.

"கண்ணு, அம்மா இங்க இருக்கேன்டி."

யாரோ சிரித்தார்கள். நடிக்க வைத்த ஆள் என்று நினைத்திருப்பார்கள். வெள்ளை அங்கிக்காரி மாவு முகத்தோடு எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றாள். தன் விரலில் தொங்குவது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தைக்கும் வித்தியாசம் தெரிந்ததாக இல்லை. அந்தப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை.

"நகருங்கக்கா" என்றான் வழிகாட்டி, மெதுவாக.

அவள் அடுத்த கூட்டத்தோடும் போனாள். அதற்கடுத்த கூட்டத்தோடும். வழிகாட்டி சீட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டான். ஒரு முறை மிக அருகே போய்விட்டாள். பின்னலின் எண்ணெய் வாடை வந்தது. கையை நீட்டினாள். விரலுக்குப் படிக்கட்டுக் கட்டைதான் தட்டுப்பட்டது.

"இத்தனை நாள் என்னைத்தானடி பாத்த" என்றாள்.

சாயங்காலம் வீட்டைப் பூட்டினார்கள். வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்கட்டிலிருந்து துணி துவைக்கும் பெண் மாவைக் கழுவிய முகத்தோடு வந்தாள். அவளைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தாள்.

"வர்றேங்க்கா. முத நாளே கை ஒரேயடியா கடுக்குது."

ஏரிக்கரைப் பாதையில் துணி துவைக்கும் பெண் பேருந்துக்கு நடந்தாள். கடைசி வண்டிக்கு நேரமாகியிருந்தது, மற்றவர்கள் எல்லாம் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் மெதுவாக, சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தாள். வலது கை வீசிக்கொண்டிருந்தது. இடது கை வீசவில்லை.

மழைநீர் குட்டையாகத் தேங்கிய இடம் வந்தது. துணி துவைக்கும் பெண் தாண்டிவிட்டு நின்றாள். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கினாள். பளுவான எதையோ தூக்கித் தன் பக்கம் இறக்குவதுபோல மெல்லக் கீழே விட்டாள்.

பிறகு குழம்பிப்போய்த் தன் கையைப் பார்த்தாள். திரும்பவும் நடந்தாள், அதே சின்ன அடிகளில்.