சிம்வேராவில் காணாமல் போன அம்மா

“அப்பா! எழும்புங்க! அம்மாவைக் காணும்!”

எப்சிபா போட்ட சத்தத்தில் பாஸ்டர் ஞானசிகாமணி கொசுவலையோடு சேர்த்து எழுந்தார்.

“ஏட்டி, ஏன் கத்துத? தண்ணி எடுக்கப் போயிருப்பா.”

“குடம் இங்க இருக்கு.”

“விறகுக்கு?”

“வெட்டுக்கத்தியும் இங்கதான் இருக்கு. நான் போய்ப் பாத்துட்டேன். அது மட்டும் இல்லப்பா. வெளிய வந்து பாருங்க. ஊரையே காணும்!”

பாஸ்டர் வெளியே வந்தார். வந்தவர் வாயைத் திறந்தபடி நின்றார். மலாவி நாட்டின் ஒரு மூலையில் இருக்கும் சிம்வேரா கிராமம் விடியும்போதே இரைச்சலாக இருக்கும். சோளம் இடிக்கும் உலக்கைச் சத்தம், கோழிச் சத்தம், பிள்ளைகளின் சண்டை. இன்று ஒரு குடிசையிலும் புகை இல்லை. கதவுகள் சாத்திக் கிடந்தன. கட்டிப் போட்ட ஆடு ஒன்று மட்டும் அவரைப் பார்த்துக் கத்தியது.

தென்தமிழ்நாட்டு நாசரேத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இந்தக் குடும்பம் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. தனக்கு அழைப்பு வந்தது என்றார் பாஸ்டர். வந்தது அவருக்கு. மூட்டை கட்டியது மூன்று பேர். மனைவி சுகிர்தா தையல் மெஷினை விற்றாள். பத்தொன்பது வயது எப்சிபா கல்லூரியை முதல் வருஷத்தோடு விட்டாள். ‘வாறீங்களா’ என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

வந்த இடத்தில் முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஊர்த்தலைவரின் சின்ன மகன் இறந்தான். இந்த ஊரில் சாவு என்றால் அடுப்புகூட அடக்கிப் பேசும். அழுகைப் பாட்டைத் தவிர எதையும் யாரும் பாட மாட்டார்கள், நிலத்தைக் கொத்த மாட்டார்கள். முகமூடி ஆட்டக்காரர்கள் வந்து ஆடி, இறந்தவரை வழியனுப்புவார்கள். பாஸ்டருக்கு அந்த முகமூடிகளைக் கண்டாலே ஆகாது. தன் வீட்டிலிருந்து யாரும் சாவுக்குப் போகக் கூடாது என்றார். அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் முகமூடியைப் பார்த்துவிடக் கூடாது என்று, பிணம் எடுக்கிற நேரத்தில் ஓய்வுநாள் பள்ளியைக் கூட்டி, கஞ்சிரா தட்டி, கை தட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்! சிறுவனின் பாடை அந்தப் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே போனது.

மறுநாள் தலைவர் வாசலுக்கு வந்தார். “எங்க சாவு உங்களுக்கு வேண்டாம். சரி. உங்க சாவும் இனி எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அந்த வீட்டோடு பேசவில்லை. கோயிலில் வெறும் பெஞ்சுதான். அம்மாவும் பேச்சைக் குறைத்தாள். சாப்பாட்டைக் குறைத்தாள். சாயங்காலமானால் ஊர் எல்லைவரை போய், ஆறு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இப்போது எப்சிபாவும் அந்தத் திசையைத்தான் பார்த்தாள்.

அந்த நேரம் பாதையில் ஒரு சைக்கிள் வந்தது. மிதித்து வந்தவள் தமாண்டா. சந்தையில் பழைய துணி விற்கிறவள், எப்சிபாவைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், வாய் அடங்காதவள். ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பிறகும் எப்சிபாவைத் தனியாகப் பார்த்தால் கண்ணடிப்பாள்.

“தமாண்டா, ஊர் எங்க?” என்று எப்சிபா அவள் மொழியிலேயே கேட்டாள்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாவு. தலைவரோட அக்கா. நேத்து ராத்திரி சேதி வந்திருக்கு. எனக்குச் சந்தையில சொன்னாங்க. நானும் போகணும். உனக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“எங்கம்மாவைக் காணும்.”

தமாண்டா சைக்கிளைக் கீழே போட்டாள். “அமாயியையா?” அம்மா வயதுப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். “சாவுக்குப் போயிருப்பாங்களோ?”

“சுகிர்தாவா? சாவுக்கா?” பாஸ்டர் தலையை ஆட்டினார். “நான் வேண்டாம்னு சொன்னா அவ வாசல் தாண்டமாட்டா. ஏதோ மிருகம்தான்... கர்த்தாவே!”

எப்சிபா மண்ணைப் பார்த்தாள். வாசலிலிருந்து ஹவாய் செருப்பின் தடம் ஒன்று கிளம்பி, ஆற்றோரச் சதுப்பைப் பார்த்துப் போனது.

“கிளம்புங்க!” என்றாள்.

தமாண்டா தன் மூட்டையிலிருந்து ஒரு பூப்போட்ட துணியை உருவி வீசினாள். “இதை இடுப்புல சுத்திக்கோ. இந்தச் சுடிதாரோட சாவு வீட்டுக்கு வந்தா, செத்தவளே எழுந்து சிரிப்பா.”

சதுப்பில் புல் ஆளுயரம் நின்றது. கீழே முழங்கால் வரைக்கும் கருஞ்சேறு. தமாண்டா முன்னால், எப்சிபா நடுவில், பாஸ்டர் பின்னால். ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் புதைந்தது.

“அபுசா நடக்கிறதப் பாத்தா நீர்யானையே பாவம்னு வழி விடும்” என்றாள் தமாண்டா. அபுசா என்றால் அவர்கள் ஊரில் பாஸ்டர்.

“என்னட்டி சொல்லுதா?”

“மெதுவா வரச் சொல்லுதா” என்றாள் எப்சிபா.

சட்டென்று தமாண்டா கையை உயர்த்தினாள். வலப்பக்கம் புல் மடிந்து மடிந்து வந்தது. பெருமூச்சுபோல ஒரு சத்தம்.

“நிஜமாவே வருது! இரவெல்லாம் மேஞ்சிட்டுத் தண்ணிக்குத் திரும்புது. அதுக்கும் தண்ணிக்கும் நடுவுல நிக்கிறோம். ஓடுங்க! அந்தப் புத்து மேல!”

பக்கத்தில் ஒரு கறையான் புற்று வீட்டுயரம் நின்றது. தமாண்டா தாவி ஏறினாள். எப்சிபா முழங்கை கிழிய ஏறினாள். பாஸ்டர் பாதி ஏறிச் சறுக்கினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே இழுத்த நொடியில், சாம்பல் நிறத்தில் ஒரு மலை புல்லைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. திறந்த வாய்க்குள் கடப்பாரை மாதிரிப் பற்கள்! புற்றின் அடியை உரசிக்கொண்டு போனது. புற்று அதிர்ந்தது. பிறகு தூரத்தில் தண்ணீர் வெடிக்கும் சத்தம்.

பாஸ்டரின் உதடு வெளுத்திருந்தது. “இந்த வழியாவா அவ தனியா வந்திருப்பா?”

எப்சிபா இறங்கி மறுபடி தடத்தைத் தேடினாள்.

செருப்புத் தடம் இருந்தது. சேற்றில் அழிந்தும் தெரிந்தும் ஆற்றங்கரை வரைக்கும் இருந்தது. அங்கேதான் அது முடிந்தது.

கரையில், தண்ணீருக்கு இரண்டடி முன்னால், அம்மாவின் நீல வார் செருப்புகள். பக்கத்தில் பக்கத்தில். கோயிலுக்குள் போகும் முன் கழற்றி வைப்பதுபோல ஒழுங்காக!



“முதலை...” என்று தொடங்கினார் பாஸ்டர்.

“முதலை இழுத்தா செருப்பு இப்படி ஜோடியாவா இருக்கும்?” எப்சிபா திரும்பினாள். “கழத்தி வச்சிருக்காப்பா! அவளேதான் கழத்தி வச்சிருக்கா! உங்களுக்கு இன்னும் புரியலையா?”

“அப்படிச் சொல்லாதட்டி. சுகிர்தா விசுவாசி...”

“அவ மனுஷி! அவகிட்ட யாரு பேசினா? ஊரும் பேசல, நீங்களும் பேசல. நம்மூர்ல ஒரு சாவுக்குப் போகலன்னா எத்தனை வருஷம் மூஞ்சியில முழிக்க மாட்டாவ? உங்களுக்கு அது தெரியாதா? தெரிஞ்சும் இங்க வந்து, ஒரு பிள்ளையோட பாடை போகும்போது கைதட்டிப் பாடுனீயளே, எப்படிப்பா மனசு வந்துச்சு?”

பாஸ்டர் செருப்பின் அருகே உட்கார்ந்துவிட்டார். அதைத் தொடப் போன கை தொடாமல் நின்றது. ஜெபம் வரவில்லை. 

தமாண்டா கரையைக் குனிந்து பார்த்தாள். “இங்க நிறையக் கால் இறங்கியிருக்கு. எல்லாம் வெறுங்கால். தோணி இழுத்த தடமும் இருக்கு. அமாயி இறங்கினது தண்ணிக்குள்ளயா, தோணிக்குள்ளயா? அந்தக் கரைக்குப் போனாத்தான் தெரியும்.”

தோணிகள் எல்லாமே அந்தக் கரையில் கிடந்தன. கூவிப் பார்த்தார்கள். பதில் இல்லை. நடந்து கடக்கும் துறை ஒன்று கொஞ்சம் மேலே இருந்தது. மார்பளவுத் தண்ணீர். நடுவில் ஒரு மணல்திட்டு. திட்டின்மேல் காய்ந்த கட்டைகள்போல இரண்டு கிடந்தன. கட்டைகள் இல்லை!

இடுப்புத் துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, மூவரும் பிடித்துக்கொண்டார்கள். தமாண்டா கையில் நீளக் கழி. முதலில் அவள், பிறகு எப்சிபா. ஆனால் பாஸ்டர் எப்சிபாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திட்டு இருக்கும் பக்கமாகத் தான் நின்றுகொண்டார். நீச்சல் தெரியாத மனிதர். அதை எப்சிபா கவனித்தாள்.

நடு ஆற்றில் பாஸ்டருக்கு ஜெபம் திரும்பி வந்தது. உரக்கவே வந்தது.

“அபுசா, மனசுக்குள்ள சொல்லுங்க! முதலைக்குக் காது நல்லாக் கேக்கும்!”

ஒரு கட்டை நகர்ந்தது. சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் வழுக்கியது.

“வேகமா! வேகமா!”

தமாண்டா கழியால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தாள். பாஸ்டரின் கால் இடறி, தலை முழுகியது. எப்சிபா அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். தையல் பிரிந்தது. விடவில்லை! மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராக மறுகரையில் விழுந்தபோது, அவர்கள் நின்றிருந்த இடத்தில் ஒரு முதுகு மேலே வந்து மறைந்தது.

அப்போதுதான் முரசு கேட்டது.

மூங்கில் புதருக்கு அப்பால் ஊர். முற்றம் முழுக்க ஜனம். நடுவில் ஆளைவிடப் பெரிய வைக்கோல் மான் ஒன்று சுழன்று ஆடியது. சிவப்பு முகமூடிகள் புழுதியைக் கிளப்பின. பாஸ்டர் புதரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவரை உலுக்கியது முகமூடி இல்லை. முரசு ஒரு கணம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் ஒரு குரல் எழுந்தது. தமிழ்க் குரல்!

“செக்கச் செவந்த தேரிக்காட்டில் – என் செல்வமே
செத்தாயின்னு சேதி வந்தா
ஏழு கடல் தாண்டி நின்ன அக்காவுக்கு – உன்
எடுப்புக்கு வர வழியில்லையே!”

பெண்கள் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே சுகிர்தா. அவிழ்ந்த முடி. சேலைக்கு மேல் யாரோ சுற்றிவிட்ட பூத்துணி. மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்! பாஸ்டர் மனைவி! சொந்த ஊரில் ஒப்பாரி வைக்கும் பெண்களிடம் ‘விசுவாசிகள் இப்படி அழக் கூடாது’ என்று சொல்ல அனுப்பப்பட்ட அதே சுகிர்தா!

ஒரு வார்த்தை புரியாமலேயே சுற்றியிருந்த பெண்கள் கூடவே விம்மினார்கள்.

 உயிரோடு இருக்கிறாள். அம்மா உயிரோடு இருக்கிறாள்!

“சுகிர்தா! எழும்பு! இங்க என்ன பண்ணுத?” பாஸ்டர் முற்றத்துக்குள் நடந்தார்.

ஜனம் திகைத்தது. ஒரு சிவப்பு முகமூடி தடியை ஓங்கிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தது. தமாண்டா ஓடிப்போய் அவர் சட்டையை இழுத்தாள். “உட்காருங்க அபுசா! சாவு வீட்ல நிக்கிறவன் விரோதி! உட்காருங்க!”

அவர் உட்காரவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

சுகிர்தா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “தங்கச்சி செல்வரதி ஊர்ல செத்த அன்னைக்கு ஃபோன் வந்துச்சு. நீங்க ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணீய. அப்புறம் காப்பி கேட்டீய. நானும் போட்டுத் தந்தேன். கூடப் பிறந்தவளுக்கு நான் இன்னும் அழவே இல்ல. இப்பதான் அழுதேன். மண்ணு போடுத வரைக்கும் இங்கதான் இருப்பேன். நீங்க போறதுன்னா போங்க.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை.

ஈரம் சொட்டச் சொட்ட, பாஸ்டர் புழுதியில் உட்கார்ந்தார். முகமூடியின் தடி மெல்லத் தாழ்ந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஊர்த்தலைவர் நெடுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு தன் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

குழி வெட்டியபோது யாரோ ஒரு மண்வெட்டியைப் பாஸ்டரிடம் நீட்டினார்கள். பனங்காட்டு மண்ணை வெட்டிப் பழகிய கை. வாங்கிக்கொண்டார். தலைவர் முன்னால் போய் நின்று, தனக்குக் கொஞ்சம் தெரிந்த அவர்களின் சிச்சேவா மொழியில், “உங்க மகன் போனப்போ நான் பாடினேன். தப்பு” என்றார்.  தலைவர் மண்வெட்டியைத் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் ஊரே தோணிகளில் திரும்பியது. வழியனுப்பக் கரையில் நின்றவர்கள் கூவிக் கையசைத்தார்கள். ஒருவன் பாஸ்டரைக் காட்டி, முதலையே துப்பிவிட்ட மனுஷன் என்று சொல்ல, தோணி முழுக்கச் சிரிப்பு. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஊர் அவர்களைப் பார்த்துச் சிரித்தது!

எப்சிபா அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“செருப்பைப் பாத்ததும், நீ ஆத்துல இறங்கிட்டியோன்னு நினைச்சேம்மா. முட்டாள்தனமா.”

“முட்டாள்தனம் இல்லட்டி.” சுகிர்தா தண்ணீரையே பார்த்தாள். “இறங்கத்தான் போனேன்.”

துடுப்புப் போட்ட தமாண்டாவுக்குத் தமிழ் தெரியாது. பாஸ்டருக்குத் தெரியும். அவர் முகம் உறைந்துபோனது.

“செருப்பைக் கழத்திட்டு அழுதுகிட்டு நின்னேன். அப்ப இந்தப் பொம்பளைங்க தோணிக்கு வந்தாவ. விடியக்காலம் கரையில ஒருத்தி அழுதா, சாவுக்கு வாறவன்னுதான நினைப்பாவ? ஒரு கிழவி கைய நீட்டி, ‘அமாயி, வாறியா?’ன்னு கேட்டா. இந்த ஊருக்குக் கிளம்பின நாள்ல இருந்து என்னை ஒருத்தரும் ‘வாறியா’ன்னு கேட்டதில்ல எப்சி. அதான் ஏறிட்டேன்.”

தோணி நடு ஆற்றைத் தாண்டியது.  கரை நெருங்கியபோதுதான் பாஸ்டருக்குக் குரல் வந்தது.

“சுகிர்தா. நாம இங்க இருக்கணுமா, ஊருக்குத் திரும்பிரலாமா? நீ சொல்லு.”

அவள் சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள்.

கூப்பிடுகிறவர் கடவுளே ஆனாலும், கூட வருகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பாஸ்டர் ஞானசிகாமணி அந்தப் பதிலுக்காக ஏழு நாளாகக் காத்திருக்கிறார். காத்திருக்கட்டும்.